சுவரில் நின்ற அக்கா

அந்தச் சனிக்கிழமை காலையில் நான் மீன் வாங்கத்தான் போனேன். சுங்கைப்பட்டாணிச் சந்தைக்குப் பக்கத்தில் ஒரு சாப்பாட்டுக் கடை இருக்கிறது. அதை ஒட்டிய சந்தில் காரை நிறுத்திவிட்டு இறங்கி நிமிர்ந்தேன். எதிரே சுவரில் என் அக்கா நின்றுகொண்டிருந்தாள்.

இரண்டு ஆள் உயரம். காலில் ரப்பர் செருப்பு, ஏற்றிச் செருகிய கைலி, தலையில் சும்மாடு. சும்மாட்டின் மேல் ஒரு முழு லயத்து வீடு, தகரக் கூரையோடும் பூட்டிய கதவோடும். மூக்கு அக்காவின் மூக்கு. இடுப்பில் கையை ஊன்றி நடக்கும் அந்த நடையும் அவளுடையது. எனக்குத் தெரியாமல் இருக்குமா? அந்தப் படத்தை வரைந்தவளே நான்தான்.

ஆனால் நான் வரைந்தது காகிதத்தில். உள்ளங்கையை விடக் கொஞ்சம் பெரிய படம்.

அக்கா சிடாம் கிரிப் பக்கம் ஒரு தோட்டத்து லயத்தில், தொழிலாளர் வரிசை வீடு ஒன்றில் இருந்தாள். தோட்டத்தை வீடமைப்புத் திட்டத்துக்கு விற்றுவிட்டார்கள். காலி செய்யச் சொல்லி எல்லாருக்கும் கடிதம் வந்தது. லயத்துப் பெண்கள் ஒன்றுகூடித் துண்டறிக்கை அடித்தபோது, "ஒரு படம் போட்டுக் குடு, வெறும் எழுத்த யாரு படிக்கப் போறா?" என்று அக்கா கேட்டாள். நான் தமிழ்ப்பள்ளியில் ஓவிய ஆசிரியை, அரசாங்க வேலை. பெயர் போடக் கூடாது என்று சொல்லி வரைந்து கொடுத்தேன். அதோடு மறந்தும் போனேன்.

இப்போது அது சுவரில் இருந்தது. அதன் காலடியில் சிவப்புச் சாயத்தில், பட்டை பட்டையாக, ஒரே ஒரு மலாய்ச் சொல்: பாலிக்.

திரும்பிப் போ.

முதலில் புரியவில்லை. புரிந்ததும் காது அடைத்துக்கொண்டது. சந்தை இரைச்சல் எங்கோ தூரத்தில் கேட்டது. கார்க் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றேன். இந்தச் சொல்லைத் தேர்தல் காலங்களில் கைப்பேசியில் பார்த்திருக்கிறேன். ஒருமுறை பெட்ரோல் நிலையத்தில் முன்னால் நின்ற ஒருவன் திரும்பிப் பார்த்து வாய்க்குள் முணுமுணுத்தும் கேட்டிருக்கிறேன். ஆனால் என் கோட்டுக்குக் கீழே, என் அக்காவின் காலுக்குக் கீழே அதைப் பார்ப்பேன் என்று நினைத்ததில்லை. மூட்டையைத் தூக்கிக்கொண்டு கிளம்பு என்று ஊருக்கே சொல்வதற்கு நானே படம் வரைந்து கொடுத்த மாதிரி இருந்தது.

காய்கறிப் பையோடு ஒரு மலாய்க்காரப் பெண் பக்கத்தில் வந்து நின்றாள். அண்ணாந்து பார்த்தாள். "அழகா இருக்கே, யார் வரைஞ்சது?" என்று மலாயில் கேட்டாள். அவள் முகத்தில் கேலி எதுவும் இல்லை.

"தெரியாது" என்றேன்.

மீன் வாங்காமல் வீட்டுக்குத் திரும்பினேன். அன்றைக்கு முழுவதும் கணவரிடம்கூடச் சொல்லவில்லை. நான்கு முறை கைப்பேசியை எடுத்து அக்காவின் எண் வரை போய் வைத்துவிட்டேன். என்ன சொல்வது? உன் படத்தை வைத்து உன்னையே விரட்டுகிறார்கள் என்றா?

மறுநாள் ஞாயிறு. பூசை முடிந்து கோயில் வாசலில் செருப்புப் போட்டுக்கொண்டிருந்த அக்காவைத் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னேன்.

அக்கா அழவில்லை. நெற்றியைச் சுருக்கினாள்.

"பாலிக் மட்டுந்தான் இருந்துச்சா?"

"ஆமாக்கா."

"மானா?"

"என்ன மானா?"

"பாலிக் மானான்னு போட்டோம். திரும்பிப் போன்னா எங்க போறதுன்னு. மானா எங்க?"

"போட்டோமா? யாரு போட்டது?"

"நாங்கதான்லா. ஆறு பேரு. நீ புள்ளைங்களுக்குச் சொல்லிக் குடுப்பியே, கட்டம் கட்டமா சோக்குக் கட்டியால கோடு போட்டுப் பெருசாக்குறது, அப்படித்தான் செஞ்சோம். கடைக்கார அண்ணன் சொவரு குடுத்தாரு."

"என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா?"

"சொன்னா நீ வேணாம்னு சொல்லியிருப்ப. உனக்குத் தெரியாம இருந்தா யாராச்சும் கேட்டாலும் நீ பொய் சொல்ல வேண்டியதில்ல."

முதல் நாள் அந்தப் பெண்ணிடம் நான் சொன்ன 'தெரியாது' நினைவுக்கு வந்தது. அக்காவிடம் அதைச் சொல்லவில்லை. இருவரும் காரில் ஏறி நேரே கடைக்குப் போனோம்.

இப்போது பார்த்தால் தெரிந்தது. சிவப்புச் சொல்லுக்குப் பக்கத்தில் சுவர் மட்டும் பளிச்சென்று புது வெள்ளையாக இருந்தது. அக்கா விரலால் தடவினாள். வெள்ளைக்கு அடியில் எழுத்துகள் இளஞ்சிவப்பாய் மங்கித் தெரிந்தன. யாரோ அந்த ஒரு சொல்லையும் கேள்விக்குறியையும் மட்டும் அளவெடுத்த மாதிரி மறைத்திருந்தார்கள்.

யாரென்று தேட வேண்டியிருக்கவில்லை. கடைக்காரரே தோளில் துண்டோடு வெளியே வந்தார். தமிழ் முஸ்லிம், ஐம்பது வயதிருக்கும். அக்காவைப் பார்த்ததும் தலையைச் சொறிந்தார்.

"அக்கா, கோவிச்சுக்காதீங்க. நான்தான் அடிச்சேன்."

அக்கா தடவிய விரலைச் சுவரிலிருந்து எடுத்தாள்.

"வெள்ளிக்கெழம ரெண்டு பேரு வந்து ரொட்டி சாப்பிட்டாங்க. போறப்ப, இது யாரப் பாத்துக் கேக்குற கேள்வின்னு கேட்டாங்க. வேற ஒண்ணும் சொல்லல. எனக்கு லைசன்ஸ் இருக்கு, புள்ளைங்க படிக்குது. பயந்துட்டேங்க்கா. கேள்விய மட்டும் எடுத்துட்டா வம்பில்லாத படமாயிரும்னு நெனச்சேன்."

"வம்பில்லாத படமா?" என்றேன் நான்.

"பாலிக்னா வீட்டுக்குப் போறதுதானே, டீச்சர்? பெருநாளுன்னா எல்லாரும் பாலிக் கம்போங்னு சொந்த ஊருக்குப் போறோம். அந்தம்மா வீட்டச் சுமந்துக்கிட்டு ஊருக்குப் போறாங்க. பாக்க நல்லாத்தான் இருந்துச்சு."

அவர் நடிக்கவில்லை. அதுதான் என்னை அதிகமாக உலுக்கியது. ஒரு நாள் முழுவதும் நான் கற்பனை செய்து வைத்திருந்த எதிரி, முகம் கறுத்த ஒரு கூட்டம், எதுவுமே இல்லை. மாவு ஒட்டிய கையோடு பயந்த ஒரு மனிதர் மட்டும் நின்றார்.

அக்கா மெதுவாகச் சொன்னாள்: "அண்ணே, எங்கள வெளிய போகச் சொல்றாங்க. எங்க போகச் சொல்றீங்கன்னு நாங்க கேட்டோம். நீங்க 'எங்க'ங்கறத அழிச்சிட்டு 'போ'ங்கறத மட்டும் விட்டுட்டீங்க."

அவர் சுவரைத் திரும்பிப் பார்த்தார். உதடு அசைந்தது, ஒருமுறை வாய்க்குள் வாசித்தார் போல. இரண்டாம் முறை வாசித்தபோது அவர் முகம் வெளிறிப்போனதை நான் பார்த்தேன். துண்டை எடுத்து வாயைப் பொத்திக்கொண்டார். "யா அல்லா" என்றார். "எங்க வாப்பாவ இதே சந்துல வச்சு ஒருத்தன் அப்படிச் சொன்னான். நான் பக்கத்துல நின்னேன்."

உள்ளே யாரோ தே தாரிக் டீ கேட்டுக் கத்தினார்கள். அவர் நகரவில்லை.

"மொத்தத்தையும் அழிச்சிரட்டுமா?" என்று கேட்டார் கடைசியில்.

"வேணாம்" என்றாள் அக்கா.

"திரும்ப எழுத எனக்குக் கை வராதுக்கா. பயம் பயந்தான். ஆனா நீங்க எழுதினா தடுக்க மாட்டேன்."

சமையல்கட்டின் பின்னாலிருந்து, மிச்சமிருந்த சிவப்புச் சாய டின்னையும் ஒரு தூரிகையையும் அவரே கொண்டுவந்து வைத்தார். அக்கா குனிந்தாள். அவள் எழுத்து எப்படிக் கோணும் என்று எனக்குத் தெரியும். ஆனால் நான் தூரிகையை வாங்கியதற்குக் காரணம் அதுவல்ல. அந்தத் 'தெரியாது' முதல் நாளிலிருந்து நெஞ்சில் கரித்துக்கொண்டே இருந்தது.

பூசைக்குக் கட்டிய சேலையோடு, சாப்பிட வந்தவர்கள் பார்த்துக்கொண்டிருக்க, நான் எழுதினேன். மானா. பிறகு கேள்விக்குறி. அதன் புள்ளி வழிந்தது. திரும்பியபோது இரண்டு மூன்று கைப்பேசிகள் என்னை நோக்கி உயர்ந்திருந்தன.

திங்கட்கிழமை காலை முதல் பாடம் முடிவதற்குள் தலைமையாசிரியர் கூப்பிட்டார். அவர் கைப்பேசியில் நான் இருந்தேன், முதுகைக் காட்டிக்கொண்டு, கையில் தூரிகையோடு.

"நீங்கதானே?"

"நான்தான் சார். படமும் நான் வரைஞ்சதுதான்."

அவர் கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார். கெட்ட மனிதர் அல்ல. "மேலேருந்து கேட்டுட்டாங்க. விளக்கக் கடிதம் எழுதணும் டீச்சர்" என்றார். ஒரே வரி எழுதினேன்: படத்தை வரைந்ததும் சொல்லை எழுதியதும் நானே. அவர் படித்துவிட்டு என்னிடமே நீட்டினார். "மன்னிப்புன்னு ஒரு வார்த்த இல்லாம இத நான் அனுப்ப முடியாது."

ஒரு நிமிடம் பேனாவைப் பிடித்துக்கொண்டு இருந்தேன். அறைச் சன்னலுக்கு வெளியே பிள்ளைகள் வரிசையாகக் கழிப்பறைக்குப் போனார்கள். வீட்டுக் கடன், மகளின் கல்லூரி, கணவருக்கு வேலை குறைந்த வருடம் எல்லாம் மனதில் ஓடின. எழுதினேன். என் செயலுக்காக வருந்துகிறேன், மன்னிக்கவும். எழுதி முடித்து அதை வாசித்தபோது, சுவரில் அந்தச் சொல்லைப் பார்த்த காலையில் வந்த அதே அடைப்பு காதில் வந்தது. இம்முறை அதை எழுதியது என் கை.

இரண்டு வாரத்தில் நகராண்மைக் கழகத்தின் லாரி வந்தது. அனுமதியில்லாத சுவர் ஓவியம் என்று சொல்லிச் சந்து முழுவதற்கும் சாம்பல் நிறம் அடித்துவிட்டுப் போனார்கள். கடைக்காரருக்கு ஓர் எச்சரிக்கைக் கடிதம் கிடைத்தது. அதற்குள் அந்தப் படம் எத்தனையோ கைப்பேசிகளுக்குப் போயிருந்தது. கேள்விக்குறியோடு போனது கொஞ்சம், இல்லாமல் போனது கொஞ்சம். எது யாருக்குப் போய்ச் சேர்ந்தது என்று யாராலும் சொல்ல முடியாது.

லயத்துக்காரர்களுக்கு நிலம் கிடைக்கவில்லை. பேச்சுவார்த்தைக்குப் பிறகு அடுக்குமாடியில் மலிவு விலை வீடு என்று முடிந்தது. அக்காவுக்கு நான்காவது மாடி. குடிபோகும் அன்று மின்தூக்கி வேலை செய்யவில்லை. சாமான்களை நாங்கள் படியில் தூக்கினோம். மூன்றாம் மாடியில் அவள் மூச்சு வாங்க பீரோவை இறக்கிவைத்தாள்.

"கடுதாசியில மன்னிப்பு கேட்டியா?" என்றாள் திடீரென்று. யார் சொன்னார்களோ தெரியாது.

"கேட்டேங்க்கா."

அவள் என்னைப் பார்த்தாள். திட்டுவாள் என்று நின்றேன். அல்லது பரவாயில்லை என்பாள். இரண்டும் இல்லை.

"அந்தப் பக்கம் நல்லா பிடி" என்றாள். "கண்ணாடி இருக்கு."