ஒழுகும் காரும் வெள்ளிக்கிழமைச் சந்தனமும்

தங்கையனின் தலையெழுத்தை என்னவென்று சொல்ல. பாறசாலைப் பக்கத்துக் கிறிஸ்தவன், ஊரார் வாயில் வேதக்காரன். வித்துரா ரோட்டில் பஸ் ஓட்டி இடுப்பொடிந்து, யுத்தம் வருவதற்குச் சற்று முன், வழுதக்காட்டில் சேஷன் வக்கீலிடம் டிரைவராகச் சேர்ந்தான். கார் ஷெட்டை ஒட்டி ஓர் அறையும் கொடுத்தார்கள். மூச்சிரைப்புக்காரியான அவன் மனைவி ரத்னாபாய் மழைக்காலத்தில் நனையாமல் படுத்தது அங்கேதான். அந்த அறை போய்விடக்கூடாது. அவனுக்கு வேண்டியது அவ்வளவுதான்.

காரோ, எஸ்டேட் துரை விற்றுவிட்டுப் போனது. கூரையின் நடுவில் பின்னுக்குத் தள்ளித் திறக்கிற ஒரு தகடு. வைகாசி நடுவில் இடவப்பாதி மழை பிடித்ததும் அங்கிருந்து சொட்டியது, சரியாக வக்கீலின் மடியில்.

"ஏண்டா தங்கையா, கார்ல குடை பிடிச்சுண்டு போற வக்கீல் இந்த ஊர்ல நான் ஒருத்தன்தான். இன்னொரு தரம் ஒழுகித்துன்னா வேற ஆளைப் பார்த்துக்கறேன்" என்றார் சேஷன்.

தங்கையன் தார் பூசினான், மெழுகை உருக்கி ஊற்றினான், ரப்பரை மாற்றினான். ஒழுகல் நிற்கவில்லை. கடைசியில் கூரைமேல் குடம் குடமாகத் தண்ணீர் விட்டுப் பார்த்தபோதுதான் புரிந்தது. தகட்டைச் சுற்றி ஒரு வாய்க்கால். அதில் இறங்குகிற மழைநீர் மூலைக் குழாய் வழியாக ரோட்டுக்குப் போய்விட வேண்டும். குழாய் அடைபட்டிருந்தது. குடைக்கம்பியை விட்டுக் குத்தினான். இறுகிப்போன சந்தனமும் அரளி இதழும் அட்சதையும் வந்தன.

வக்கீலின் மனைவி வாலாம்பாள், கண்படாமலிருக்க வெள்ளிதோறும் கார்க் கூரையில் சந்தனம் அப்பிப் பூவும் அட்சதையும் தூவுவாள். இதை ஒரு வேதக்காரன் எந்த வாயால் சொல்வான்? ஊமை கண்ட கனாதான். சனிக்கிழமைதோறும் யாரும் பார்க்காமல் கம்பியை விட்டான். ஒழுகல் நின்றது. "பகவதி கண் தொறந்துட்டா" என்று வாலாம்பாள் சந்தனத்தை இரட்டிப்பாக்கினாள்.

தாங்காமல் ஒருநாள் சொல்லியே விட்டான். "அம்மா, பூவும் சந்தனமும் முன்கண்ணாடியில வச்சாப் போதாதா? மேல வச்சா ஓட்டையில போய் அடைக்குது."

"உனக்கு இதெல்லாம் பிடிக்காதுன்னு தெரியும் தங்கையா. அதுக்காகப் பழியை அம்மன்மேல போடாதே" என்றாள் வாலாம்பாள், கோபமில்லாமல்.

அடுத்த வெள்ளியன்று பூசை முடிந்த கையோடு ஜட்ஜி வீட்டுக் கல்யாணத்துக்குப் புறப்பட்டார்கள். கம்பி விட நேரமேது? பாதி வழியில் மழை பிடித்தது. வக்கீலின் பட்டு வேஷ்டி தொப்பலாக நனைந்தது. மறுநாள் அறையைக் காலிபண்ணச் சொல்லி ஆள் வந்தது.

கொட்டுகிற மழையில் ரத்னாபாயை நடத்திக்கொண்டு வாசலுக்கு வந்தான். வாலாம்பாள் கண் கலங்கிவிட்டாள். பாவம், நல்ல மனசு. "பகவதி பிரசாதம். எங்க போனாலும் நன்னா இருப்பேள்" என்று இலையில் பொதிந்து ஏதோ கொடுத்தாள். தங்கையன் இரண்டு கையையும் நீட்டி வாங்கிக்கொண்டான்.

தம்பானூர் ரயிலடியில், ஈரச்சேலையோடு மூச்சுக்குத் திணறிய ரத்னாபாய் அவன் கையைப் பார்த்தாள்.

"அது என்ன, மருந்தா?"

"சந்தனம்" என்றான்.

அந்த மழைக்காலத்தை அவள் தாண்டவில்லை.