குழவிக்கல்லோடு ஜொகூர் பாருவுக்கு: லாச்சித் தண்டவாளம் வாங்கிய கதை

ஜொகூர் பாருவுக்குப் போகிறவர்கள் கடல் பார்க்கப் போவார்கள், அரண்மனை பார்க்கப் போவார்கள். நானும் என் மனைவி மரகதமும் மருந்து அலமாரியின் லாச்சிக்கு, அதாவது இழுப்பறைக்கு, தண்டவாளம் வாங்கப் போனோம். நவராத்திரிக்குச் சில நாள் முன்பு, மழை பிடித்துக்கொண்ட சமயம். இதே வேலையாகப் போக நினைப்பவர்கள் இதைப் படித்துவிட்டுக் கிளம்பினால் நான் பட்ட சிரமத்தில் பாதி குறையும்.

நான் பெக்கோக்குக்கு உள்ளே ஒரு ரப்பர் தோட்டத்து மருந்தகத்தில் டிரஸர். காயத்துக்குக் கட்டுப் போடுவதும், காய்ச்சலுக்குக் கொய்னா கொடுப்பதும், கொய்னா கசக்கிறது என்று திட்டுவாங்குவதும் என் வேலை. மருந்தகத்து அலமாரி முழுக்க மரம். மழைக்காலம் வந்தால் மரம் ஊதி, லாச்சி உள்ளேயே உட்கார்ந்துகொள்ளும். ஒரு நாள் பால்வெட்டுக்காரர் ஒருவர் கையைக் கிழித்துக்கொண்டு ஓடிவந்தார். கட்டுத்துணி இருந்த லாச்சி அசையவில்லை. என் வேட்டியைக் கிழித்துத்தான் கட்டுப் போட்டேன். அன்று முழுவதும் மேசைக்குப் பின்னாலேயே நின்று மருந்து கொடுக்க வேண்டியதாயிற்று.

இது பெரிய டாக்டர் காதுக்குப் போய்விட்டது. அவர் யாழ்ப்பாணத்துக் கிறிஸ்தவர், எங்கள் வட்டாரத்துத் தோட்ட மருந்தகங்களுக்கெல்லாம் மேலதிகாரி. வந்தார், லாச்சியை இழுத்தார். வராது வராது என்று நின்றது, ஒரேயடியாக முழுசாக வெளியே வந்து அவர் காலில் விழுந்தது. விளக்கெண்ணெய்ப் புட்டி உடைந்து, பளபளவென்று இருந்த சப்பாத்து இன்னும் பளபளவென்று ஆகிவிட்டது.

"நான் அடுத்த முறை வரேக்கை இந்த லாச்சி ஒழுங்காய்த் திறபடாட்டி, இந்த மருந்தகத்துக்கு வேறை ஆளைப் பாக்கிறன், கண்டீரோ," என்றார்.

வேலை போனால் குவாட்டர்ஸும் போகும். ஜொகூர் பாருவில் ஓர் இரும்புச் சாமான் கடையில், அலமாரிக்குள் திருகாணி வைத்து முடுக்கும் இரும்புத் தண்டவாளம் விற்கிறார்கள், அதன்மேல் லாச்சி உருண்டு வரும் என்று கேள்விப்பட்டேன். கிளம்பிவிட்டேன். மரகதமும் கிளம்பினாள். கையில் துண்டில் கட்டிய ஒரு மூட்டை.

"என்ன மரகதம் அது?"

"அம்மிக் குழவிங்க. நம்ம லாச்சிய நெறைய மருந்தோட ஒரு கையில தூக்கிப் பார்த்தேன், இத இன்னொரு கையில தூக்கிப் பார்த்தேன். ரெண்டும் ஒரே கனம். கடையில வெறும் லாச்சிய ஓட்டிக் காட்டுவாங்க. வெறும் லாச்சி எதுலதான் ஓடாது?"

குழவியும் புறப்பட்டது.

தோட்டத்திலிருந்து பெக்கோக் ஸ்டேஷன் ஆறு மைல். ரப்பர் தகடு ஏற்றிய லாரியில் தகட்டின் மேலேயே உட்கார்ந்து போனோம். காசு கிடையாது, ஆனால் புகை போட்ட ரப்பர் வாசனை இரண்டு நாள் உடம்பை விட்டுப் போகாது. நல்ல சட்டை போடாதீர்கள். காலை வண்டியில் மூன்றாம் வகுப்பு டிக்கெட் ஆளுக்கு மூன்று வெள்ளிக்குச் சற்றுக் குறைவு. ஜொகூர் பாரு தொண்ணூறு மைலுக்கு மேல், ஐந்து மணி நேரத்துக்குக் குறையாமல் பிடிக்கும். "பாலம் போட்டாச்சே, சிங்கப்பூருக்கே போயிருக்கலாமே" என்று கேட்பீர்கள். நானும் அப்படித்தான் நினைத்தேன். ஒரு லாச்சிக்காகக் கடல் தாண்டுவதா என்று மரகதம் தடுத்துவிட்டாள்.

பாலோ தாண்டியதும் டிக்கெட் பரிசோதகர் வந்தார், தமிழர். மரகதத்தின் மடியில் இருந்த மூட்டையைப் பார்த்தார்.

"என்னம்மா அதுல?"

"குழவிக்கல்லுங்க."

"ஏன், ஜொகூர் பாருல அம்மி கிடைக்காதா?"

"அரைக்க இல்லங்க. லாச்சி வாங்கப் போறோம்."

அவர் அவளைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். அந்தப் பார்வையில் இருந்த இரக்கத்தை நான் இன்னும் மறக்கவில்லை. டிக்கெட்டில் ஓட்டை போட்டுவிட்டு அடுத்த பெட்டிக்குப் போய்விட்டார்.

குளுவாங்கில் வண்டி நன்றாக நிற்கும். இறங்கிக் காப்பி குடிக்கலாம். குடித்தோம். குழவியை என் கையில் கொடுத்துவிட்டு மரகதம் இரண்டு குவளை குடித்தாள்.

கடை மார்க்கெட்டுக்குப் பக்கத்துத் தெருவில். தவுக்கே, அதாவது முதலாளி, பனியன் போட்ட சீனர். பேச்சு பாதி மலாய், பாதி தமிழ். மேசைமேல் மாதிரிக்கு ஒரு சின்ன அலமாரி வைத்திருந்தார். அதில் மூன்று லாச்சி, மூன்றிலும் மூன்று விதத் தண்டவாளம்.

முதலாவது, மரச்சட்டத்தில் பித்தளைத் தகடு அடித்தது. விலை மலிவு. விரலால் தள்ளினால் ஓடியது. மரகதம் மூட்டையை அவிழ்த்துக் குழவியை உள்ளே வைத்தாள். லாச்சி மூக்கைக் கீழே தொங்கப்போட்டு நின்றுவிட்டது. தவுக்கே குழவியைப் பார்த்தார், எங்களைப் பார்த்தார், வாயில் இருந்த சுருட்டை எடுத்தார்.

இரண்டாவது, பக்கத்துக்கு ஓர் உருளை வைத்தது. "இனி பகுஸ் லா," இது நல்ல சாமான் என்றார். குழவியோடு வழுக்கிக்கொண்டு வந்தது. எனக்கு அப்போதே அது பிடித்துப்போயிற்று. "இதே போதும்," என்று நான் வாய் திறப்பதற்குள் மரகதம் இன்னும் கொஞ்சம் இழுத்தாள். லாச்சி கழன்று, குழவி தரையில் விழுந்தது. சிமெண்டில் ஒரு குழி.

"அலமாக்," ஐயோ என்றார் தவுக்கே.

"இதுக்குத் தடுப்பு இல்லியே, தவுக்கே," என்றாள் மரகதம், குழியைப் பற்றிப் பேசாமல். "டாக்டர் கால்ல மறுபடி விழும்."

மூன்றாவது, ஒன்றுக்குள் ஒன்று ஓடும் இரட்டைத் தண்டவாளம். நடுவில் சைக்கிள் சக்கரத்தில் இருக்குமே, அந்த மாதிரி சின்னச் சின்ன இரும்புக் குண்டுகள். கடைசியில் வளைந்த நாக்கு மாதிரி ஒரு தடுப்பு. லாச்சி முழு நீளமும் வெளியே வந்து, குழவியைச் சுமந்துகொண்டு அப்படியே நின்றது. தவுக்கேயே ஒரு முறை குனிந்து அடியில் பார்த்துக்கொண்டார். விலை ஒரு சோடிக்கு நாலு வெள்ளி. பித்தளைத் தகட்டைப் போல மூன்று மடங்கு. மரகதம் பேரம் பேசினாள். அவர் யோசித்து, கல்லைக் கடையில் விட்டுவிட்டுப் போனால் மூன்று வெள்ளிக்குத் தருகிறேன் என்றார். நான் சரி என்று தலையாட்டினேன். மரகதம் குழவியை எடுத்துத் துண்டில் சுற்றிவிட்டாள். நாலு வெள்ளி கொடுத்தோம்.

திரும்பி வந்து ஆசாரியை வைத்துப் பொருத்தினோம். வலதை இடதிலும் இடதை வலதிலும் வைத்து ஒரு நாள் வீணாயிற்று. அப்புறம் லாச்சி வெண்ணெய் மாதிரி ஓடியது. நான் வேலை இல்லாத நேரத்திலும் திறந்து திறந்து மூடினேன். இனிப் பயமில்லை என்று இருந்தேன்.

அதற்குள் ஆயுத பூசை வந்துவிட்டது. தோட்டத்தில் பால்வெட்டும் கத்தியிலிருந்து லாரிவரை எல்லாவற்றுக்கும் சந்தனம், குங்குமம். அவசர மருந்துகளை முதல் நாளே வெளியே எடுத்து வைத்துவிட்டேன். மரகதம் அலமாரிக்கு மாலை போட்டாள். புதுத் தண்டவாளம் ஆயிற்றே என்று, லாச்சியை இழுத்துக் குண்டு ஓடும் இடத்தில் கைநிறையச் சந்தனத்தை அப்பிக் குங்குமம் வைத்தாள். இது எனக்குத் தெரியாது. பூசைக்கு வைத்த ஆயுதத்தை மறுநாள் காலைவரை தொடக்கூடாது. மூடி, கற்பூரம் காட்டினோம்.

மத்தியானம் டாக்டர் வந்து இறங்கினார்.

"லாச்சியைத் திறவும் காணும்."

நான் மரகதத்தைப் பார்த்தேன். அவள், "பூசையில இருக்குங்க. நாளைக்குத்தான் திறக்கணும்," என்றாள்.

"நாளைக்கு நான் லாபிஸிலை நிப்பன்."

அவள் கொஞ்சம் யோசித்தாள். "அப்ப நீங்களே திறங்க ஐயா. நாங்கதான் தொடக்கூடாது. நீங்க வேதக்காரங்க, ஒங்களுக்கு ஒண்ணுமில்ல."

டாக்டருக்கு அதில் தப்புக் கண்டுபிடிக்க முடியவில்லை. இழுத்தார். வரவில்லை. உள்ளே சந்தனம் காய்ந்து பாறையாகி இருந்தது. "இது பழைய கதைதானே," என்று என்னைப் பார்த்தார். நான் மனசுக்குள் குவாட்டர்ஸைக் காலி செய்து, அம்மியைக் கூட வண்டியில் ஏற்றிவிட்டேன். அவர் கோட்டைக் கழற்றினார், அலமாரியில் ஒரு காலை ஊன்றினார், இரண்டு கையாலும் பிடித்து இழுத்தார்.

சந்தனம் படபடவென்று உடைந்தது. டாக்டர் தரையில் உட்கார்ந்தார். கழுத்துயரத்து லாச்சி முழு நீளமும் அவர் தலைக்குமேல் பாய்ந்து வந்து, தடுப்பில் இடித்து நின்றது. புட்டிகள் கிணுகிணுத்தன, ஒன்றும் விழவில்லை. அவற்றுக்கு நடுவிலிருந்து எதுவோ உருண்டு வந்து முன்பலகையில் டொக்கென்று மோதியது.

டாக்டர் எழுந்து எட்டிப் பார்த்தார். நெற்றி நிறையப் பொட்டு வைத்துக்கொண்டு குழவிக்கல் படுத்திருந்தது. அதை அங்கே வைத்திருக்கிறாள் என்பதும் எனக்குத் தெரியாது.

"இது என்ன காணும்?"

நான் மரகதத்தின் பக்கம் திரும்பினேன்.

"அம்மிக் குழவிங்க," என்றாள் மரகதம்.

"அது எனக்குத் தெரியுது. ஏன் இதுக்குள்ளை கிடக்குது?"

"ஜொகூர் பாரு போயி இந்தத் தண்டவாளத்தத் தேர்ந்தெடுத்ததே அதுதாங்க. அதுக்கும் பூசை உண்டுல்ல?"

டாக்டர் லாச்சியின் அடியைப் பார்த்தார். தான் உட்கார்ந்திருந்த இடத்தைப் பார்த்தார். தன் தலையை ஒரு முறை தடவிக்கொண்டார். பிறகு ஒற்றை விரலால் லாச்சியைத் தள்ளினார், உள்ளே போயிற்று. இழுத்தார், கல்லோடும் மருந்தோடும் வந்து நின்றது.

"மற்ற மருந்தகங்களுக்கும் இதே சாமான்தான் வேணும். நீர் போய் வாங்கி வாரும்," என்றார். கோட்டை மாட்டிக்கொண்டு வாசல்வரை போனவர் திரும்பினார். "கல்லையும் கொண்டு போம்."

அவர் போன பிறகு நான் நாற்காலியில் உட்கார்ந்து, வெட்கத்தை விட்டு அழுதேன். மரகதம் குச்சியால் சந்தனத்தைச் சுரண்டிக்கொண்டே, ரப்பர் லாரி எப்போது கிளம்பும் என்று கேட்டாள்.

போகிறவர்களுக்குச் சில வார்த்தை. லாச்சியின் ஆழத்தை அளந்துகொண்டு போங்கள். பக்கத்துக்கு அரை அங்குலம் இடம் விடாவிட்டால் தண்டவாளம் உள்ளே போகாது. வலது இடது பார்த்து அடையாளம் போட்டு வாங்குங்கள். மழை ஈரத்தில் துரு பிடிக்கும், தையல் மெஷின் எண்ணெய் ஒரு சொட்டு விடுங்கள், தேங்காயெண்ணெய் வேண்டாம். பூசை போட்டால் சந்தனத்தை வெளிப்பலகையோடு நிறுத்துங்கள். மலிவில் ஆசைப்பட்டுத் தடுப்பு இல்லாததை வாங்காதீர்கள். முக்கியமாக, உங்கள் லாச்சிக்குச் சமமான சுமையைக் கையோடு கொண்டுபோங்கள். அப்படி ஒன்றும் அகப்படாதவர்கள் எங்கள் குவாட்டர்ஸுக்கு வந்து கேட்கலாம், கல் கிடைக்கும். ஆனால் காலையில் வராதீர்கள், சட்னி அரைத்து முடியும்வரை மரகதம் அதை யாருக்கும் கொடுக்கமாட்டாள், ஒரு நாள் காலையில் வந்து கேட்ட டாக்டருக்கே கொடுக்கவில்லை.