மூன்றாம் பாட்டின் இருமல்

வீராம்பட்டினத்தில் மீன் விற்ற குஞ்சம்மாளுக்கு அம்மன் அருளிய செல்வம் குரல் ஒன்றே. 1984இல் புதுவைக் கேசட்டுக் கடைக்காரர் ஹிதாயத்துல்லா அவள் பாடிய அம்மன் பாடல்களைப் பதிவு செய்தார். மூன்றாம் பாட்டில் அவள் இருமினாள். திரும்பப் பாட அவளுக்கு மூச்சில்லாததால் இருமலை அப்படியே விட்டார். விற்பனையில் பாதி அவளது நெஞ்சுநோய் மருந்துக்கு என்று வாக்களித்தார்.

ஆடித் தேரன்று, அவருடைய எதிர்க்கடை ஆதிமூலம் வீராம்பட்டினத்துத் தேரடியில் கடை விரித்து, அந்தக் கேசட்டைப் படியெடுத்துப் பாதி விலைக்கு விற்றான்.

"இது நான் பாடுனதுய்யா!" என்றாள் குஞ்சம்மாள்.

"அம்மன் பாட்டு அம்மனுக்குத்தான் சொந்தம். நீ என்ன அவளுக்கு மேலயா?"

அப்போது அவன் கடை ஒலிபெருக்கியில் அவள் இருமல் கேட்டது.

"அந்த இருமலும் அம்மனோடதாடா?"

கூட்டம் சிரித்தது, சிரித்தபடியே மலிவானதை வாங்கியது.

ஹிதாயத்துல்லாவின் கேசட்டுகள் தேங்கின; மருந்து நின்றது. தையில் குஞ்சம்மாள் இறந்தாள். மறு ஆடியிலும் ஆதிமூலத்தின் ஒலிபெருக்கியில், மூன்றாம் பாட்டில், அவள் இருமினாள்.