அதிபரும் என் கல்யாணப் போட்டோவும்

நான் கறுப்பு. சுமாரான கறுப்பு இல்லை, நல்ல கறுப்பு. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் சொல்லாமல் விட்டு இரண்டு முறை பட்டிருக்கிறேன். துபாயிலிருந்து லீவில் போன இரண்டு தடவையும் பெண் பார்த்தார்கள். போட்டோவைப் பார்த்துச் சரி என்ற பெண் வீட்டார், ஆளை நேரில் பார்த்ததும், பெண் எழுந்து உள்ளே போக, ஜாதகத்தில் ஏதோ தோஷம் கண்டுபிடித்தார்கள். தோஷம் ஜாதகத்தில் இல்லை, துபாய் அல் குசைஸ் பகுதி ஸ்டுடியோவில் எடுத்த அந்தப் போட்டோவில் இருந்தது. அதில் என் சாயலில் யாரோ ஒரு சிவப்பான ஆள் சிரித்துக்கொண்டிருந்தான்.

2008இல் மூன்றாவது இடம் அமைந்தது. அதே போட்டோதான் போனது, பெண்ணும் சம்மதம் சொல்லிவிட்டாள். அவள் போட்டோ எனக்கு வந்தது. நல்ல நிறம், அதைவிட நல்ல சிரிப்பு. அதை நாங்கள் தங்கியிருந்த லேபர் கேம்ப்பில் என் அலமாரிக் கதவின் உள்பக்கம் ஒட்டி வைத்து, திறக்கும்போதெல்லாம் சந்தோஷப்பட்டேன், உடனே பயந்தேன். ஜனவரி லீவில் நேரில் போய் நிற்க வேண்டும். இவளும் எழுந்து உள்ளே போய்விட்டால் இனிமேல் பெண் பார்ப்பதையே விட்டுவிடுவது என்று முடிவு செய்திருந்தேன்.

அந்தச் சமயத்தில் கேம்ப்பில் அமெரிக்க அதிபர் தேர்தலைத் தவிர வேறு பேச்சே கிடையாது. முதல் தடவையாக ஒரு கறுப்பர் ஜெயிக்கும் நிலையில் நின்றார். அங்கே ஓட்டுப் போடுகிறவர்களைவிட நாங்கள்தான் அதிகம் கவலைப்பட்டோம். என் ரூமில் இருந்த ராமநாதபுரத்து அண்ணனுக்கு இங்கிலீஷ் தெரியும். மெஸ் ஹால் டிவிக்கு அவர்தான் மொழிபெயர்ப்பாளர், நீதிபதியும் அவரே.

"அப்பா ஆப்பிரிக்கா, அம்மா வெள்ளக்காரி. ரெண்டையும் கலந்தா மாநிறம். இதுக்குப் போயி ஏன் இம்புட்டு சண்ட?" என்று தீர்ப்புச் சொல்வார்.

ஒரு நாள் சாப்பிடும்போது டிவியில் கோட்டுப் போட்ட நாலு பேர் ஒருவர் பேச்சை ஒருவர் வெட்டிக் கத்திக்கொண்டிருந்தார்கள்.

"என்னண்ணே சொல்றாங்க?" என்று கேட்டேன்.

அண்ணன் கையிலெடுத்த சோற்றை அப்படியே வைத்தார். "போதுமான அளவுக்கு அவரு கறுப்பு இல்லையாம்டா."

மெஸ் ஹால் மொத்தமும் திரும்பி என்னைப் பார்த்தது. கறுப்பு பத்தவில்லை என்று ஒரு மனுஷனைக் குறை சொல்லி அதுவரை நான் கேட்டதே இல்லை. "என்னையக் கேட்டிருந்தா ஒரு குடம் குடுத்திருப்பேனே!" என்றேன். சிரிப்பில் ஒருவருக்குப் புரையேறி, முதுகில் தட்ட வேண்டியதாயிற்று.

கை கழுவும்போதுதான் எனக்குக் கோபம் வந்தது. எங்கேயோ ஒரு ஊரில் ஒருவருக்கு இது போதவில்லையாம், நானோ இருப்பதை ஒளித்துக்கொண்டு திரிகிறேன். கோபம் முழுக்க என் மேல்தான்.

முடிவு வந்த காலையில் நாங்கள் கட்டட வேலை சைட்டில் இருந்தோம். தினமும் கேட்டில் என் பையைச் சோதித்து அனுப்பும் கென்யாக்கார செக்யூரிட்டி அன்றைக்கு ஆடிக்கொண்டிருந்தார். "பாய், ஹமாரா கர் கா லட்கா!" என்று என்னைக் கட்டிப் பிடித்துத் தூக்கினார். ஜெயித்தவரின் அப்பா கென்யாக்காரர், அதனால் நம் வீட்டுப் பிள்ளையாம். சட்டைப் பையிலிருந்து ஒரு மிட்டாயை எடுத்து என் கையில் திணித்தார். அந்தச் சந்தோஷத்தில் எனக்கும் ஒரு பங்கு இருப்பதாகவே நினைத்து வாயில் போட்டுக்கொண்டேன்.

வெள்ளிக்கிழமை நேராக ஸ்டுடியோவுக்குப் போனேன். கடைக்காரர் கீழக்கரைப் பக்கம். போட்டோ எடுத்து, கம்ப்யூட்டரில் என் முகத்தைப் போட்டு வழக்கம்போல் தேய்க்க ஆரம்பித்தார்.

"பாய், நிறுத்துங்க. இருக்கறபடியே போடுங்க" என்றேன்.

"பொண்ணு வீட்டுக்குன்னு சொன்னீயளே தம்பி? கலியாணப் போட்டோவ நான் வெளுக்காமக் குடுத்ததே இல்ல."

அவர் மேசை மேல் முந்தின நாள் பேப்பர் கிடந்தது. முதல் பக்கம் முழுக்கப் புது அதிபரின் முகம். அதில் விரலை வைத்தேன். "இவர யாரும் வெளுக்கல பாருங்க. என்னையும் உட்டுருங்க."

பேப்பரைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "அவுகளுக்குத்தேன் ஏற்கெனவே கலியாணம் ஆயிருச்சே" என்று முனகிக்கொண்டே பிரிண்ட் போட்டார்.

லீவில் போன ஒருவர் மூலம் போட்டோவைப் பெண் வீட்டுக்கே நேராகக் கொடுத்தனுப்பினேன். பின்னால் 'இதுதான் நான்' என்று மட்டும் எழுதினேன். விஷயம் காதுக்கு எட்டி அம்மா போனில் கத்தினார். "கூடி வந்தத நீயே கெடுத்துட்டியேடா!" எனக்கும் அப்படித்தான் தோன்றியது. இரண்டு வாரம் அங்கிருந்து ஒரு சத்தமும் இல்லை. ராமநாதபுரத்து அண்ணன்கூட என்னைக் கேலி பண்ணுவதை நிறுத்திவிட்டார். எனக்கு அதுதான் பெரிய பயமாக இருந்தது.

அதற்கடுத்த வெள்ளிக்கிழமை மதியம் பெண்ணின் அண்ணன் போன் செய்தார். குரல் இறுக்கமாக இருந்தது. "தங்கச்சி உங்ககிட்ட ஒண்ணு கேக்கணுங்குது" என்று போனை அவளிடம் கொடுத்தார்.

"மொதல்ல வந்த போட்டோவுல இருக்கிறது நீங்களா, இப்ப வந்ததா?" அவள் குரலை அன்றுதான் முதல் தடவை கேட்கிறேன்.

"இப்ப வந்ததுங்க" என்றேன்.

"அப்பாடா!" என்றாள். பெரிய மூச்சு ஒன்று விட்டாள். "அந்தச் செவப்பு ஆளுக்குச் சரின்னுட்டு, நேர்ல வந்து பாத்தா எந்திரிச்சுப் போயிருவாரோன்னு தெனமும் பயந்துகிட்டு இருந்தேன். எங்க ஊரு ஸ்டுடியோக்காரரு என்னையவும் வெளுத்துத்தான் அனுப்பினாரு. நான் உங்களவிடக் கறுப்பு."

நான் சிரித்தேனா அழுதேனா, நினைவில்லை. பக்கத்துக் கட்டிலில் படுத்திருந்த அண்ணன் பதறி எழுந்து உட்கார்ந்தது மட்டும் நினைவிருக்கிறது.

ஜனவரியில் போனேன். காபித் தட்டோடு வந்து நின்று, நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். அவள் சொன்னதில் பொய் இல்லை. என்னைவிடக் கறுப்புதான். அத்தனை அழகு என்பதை மட்டும் போனில் சொல்லாமல் விட்டிருந்தாள்.