கதவுக்கு வெளியே காவல்காரம்மா

அந்தப் பெரிய ஆஸ்பத்திரியில் மாரடைப்பு என்று தெரிந்தால் போதும், ஆள் எழுந்து நடமாடினாலும் ஐசியுவில்தான் படுக்க வேண்டும். ஏன் என்று யாரும் கேட்டதில்லை, வழக்கம் அப்படி. அந்தக் கதவைக் காத்தே தலை நரைத்த மூத்த நர்ஸுக்குக் காவல்காரம்மா என்று பேர். "பாத்தாச்சில்ல, கெளம்புங்க" என்று எத்தனை பெண்டாட்டிகளை விரட்டியிருப்பாள்! கால் கடுக்க நின்று நின்று, யார் அழுதாலும் மனசு இளகாத அளவுக்கு அவளுக்கு அலுத்துப்போயிருந்தது.

அவள் கணவர் தையற்காரர். கடையில் துணி வெட்டிக்கொண்டிருந்தவர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். அக்கம்பக்கத்தார் அருகிலிருந்த வேறொரு ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப் போனார்கள். அங்கே அடைப்பை நீக்கி ஸ்டென்ட் வைத்து, சாதாரண வார்டில் படுக்க வைத்திருந்தார்கள். இவள் அடித்துப்பிடித்து ஓடியபோது மனுஷர் ரொட்டி தின்றுகொண்டிருந்தார்.

"ஏன் ஐசியுல போடல?" என்று டாக்டரிடம் எகிறினாள்.

"பிரஷர், துடிப்பு எல்லாம் நல்லா இருக்கும்மா. ரொம்ப மோசமா இருக்கறவங்களத்தான் நாங்க அங்க போடுவோம். மானிட்டர் இங்கயே மாட்டியிருக்கு பாருங்க."

அதெல்லாம் அவள் காதில் ஏறவில்லை. கையைக் காலைப் பிடித்து, அன்றே தன் ஆஸ்பத்திரி ஐசியுவுக்கு அவரை மாற்றிவிட்டாள். சொந்தக்காரர் படுத்திருந்தால் அங்கே டியூட்டி கிடையாது என்பது விதி. ஆக, காவல்காரம்மாவும் கதவுக்கு வெளியே பெஞ்சில். உள்ளே மானிட்டர்கள் போட்ட கூச்சலில் அவர் கண்ணை மூடவே இல்லை. அவள் எங்கே, அவள் எங்கே என்று கேட்டபடியே இருந்தாராம்.

மறுநாள் காலை ஒருவரை மூச்சிரைக்க ஸ்ட்ரெச்சரில் கொண்டுவந்தார்கள். உதடு நீலம் பாரித்திருந்தது. உள்ளே கட்டில் காலி இல்லை. கூட வந்த பெண் காவல்காரம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு, "உள்ள சொல்லுங்கக்கா" என்று அழுதாள். எந்தக் கட்டிலைக் காலி செய்யலாம் என்று காவல்காரம்மாவுக்குத் தெரியும். ஐசியு டாக்டருக்கும் தெரியும், ஆனால் சிஸ்டர் வீட்டுக்காரராயிற்றே என்று தயங்கி நின்றார். அவளே எழுந்து அவரிடம் போனாள்.

"எங்க வீட்டுக்காரர வார்டுக்கு மாத்திடுங்க சார்."

"பயமா இல்லையா சிஸ்டர்?"

"பயமாத்தான் இருக்கு. மாத்துங்க."

வார்டில் கட்டிலோரம் ஸ்டூலைப் போட்டு, அவர் மணிக்கட்டைப் பிடித்தபடி உட்கார்ந்தாள். உடம்பு அடித்துப்போட்ட மாதிரி இருந்தது.

"கைய விடேன், தூக்கம் வருது" என்றார்.

"தூங்குங்க" என்றாள். கையை விடவில்லை.