தேய்க்கக் கூடாத எண்ணெய்

என் மேசைமேல் ஓர் எண்ணெய்ப் புட்டி இருக்கிறது. அதில் ஒட்டிய தாளில் 'பார்க்க மட்டும். தேய்க்கக் கூடாது' என்று குண்டு குண்டான எழுத்தில் எழுதியிருக்கும். எழுதியவர், வெள்ளைக்காரன் காலத்தில் தென்காசிப் பள்ளிக்கூடம் ஒன்றில் என்னோடு வேலை பார்த்த சயன்ஸ் வாத்தியார். நான் அங்கே டிராயிங் மாஸ்டர்.

சாரல் காலத்தில் ஊர் ஊரிலிருந்து குற்றாலத்துக்கு வந்து அருவியில் தலையைக் கொடுத்துவிட்டு, மலையை ஏறிட்டும் பாராமல் போகிறார்களே என்று அவருக்குத் தீராத ஆத்திரம். பள்ளியில் ஒழிந்து கிடந்த ஓர் அறையில் குற்றால மலையின் செடிகொடிகளைப் பெயரோடும் வளரும் இடத்தோடும் வைத்து, வருகிறவர்களுக்கெல்லாம் காட்ட ஆசைப்பட்டார். தலைமையாசிரியருக்கோ அந்த அறையில் உடைந்த பெஞ்சுகளைப் போட ஆசை. ஸ்கூல் இன்ஸ்பெக்டர் வந்து இலைகளைப் பார்த்துச் சரி என்றால் அறை இவருக்கு, இல்லையென்றால் பெஞ்சுக்கு.

இலைகளை உலர்த்துவதுதான் பெரும்பாடாகிவிட்டது. சாரலில் வேட்டியே காயாது, இலை எங்கே காயும்? "எங்க வச்சாலும் பூசணம் பிடிக்குது, வே" என்று என்னிடம் புலம்பினார். கடைசியில், குற்றாலத்தில் குளிக்க வருகிறவர்களுக்கு எண்ணெய் தேய்த்துவிடும் அண்ணாச்சி ஒருவர் இடம் கொடுத்தார். அவர் மூலிகை எண்ணெய் காய்ச்சுகிற அடுப்புக்கு மேலே கயிறு கட்டி, இலைகளைத் தொங்கவிட்டார் வாத்தியார். போகும்போதும் வரும்போதும் ஒரே பேச்சுதான்: "அண்ணாச்சி, இது இன்ஸ்பெக்டருக்குன்னு வச்சிருக்கு. ஒண்ணு கொறையப்படாது, பாத்துக்கிடுங்க."

இன்ஸ்பெக்டர் வந்த அன்று இலைகளை எடுத்து வர நாங்கள் இருவரும் போனோம். கயிறு வெறுமனே ஆடிக்கொண்டிருந்தது. பள்ளிக்கு வருமுன் ஒரு குளியல் போடலாம் என்று நினைத்த இன்ஸ்பெக்டர், தலையில் எண்ணெய் வழிய, கண்ணை மூடி உட்கார்ந்திருந்தார். அண்ணாச்சிக்கு வாயெல்லாம் பல்.

"ஒண்ணுகூடக் கொறையல சார்வாள். ஐயாவுக்குன்னு நீங்க வச்சத பூராவும் போட்டுக் காய்ச்சிட்டேன்."

வாத்தியாருக்கு முகம் செத்துப்போயிற்று. "அதுல செந்தட்டியும் கெடந்துதே, வே" என்றார் என் காதில். மேலே பட்டால் உடம்பெல்லாம் அரிக்கிற செடி அது.

இன்ஸ்பெக்டர் கண்ணைத் திறந்தார். "எங்கே ஐயா உம்முடைய இலைகள்?"

"ஐயா தலையிலதான் இருக்கு."

எனக்கு ஓடிவிடலாமா என்று இருந்தது. ஆனால் மனிதர் நிமிர்ந்து நின்று, அந்தத் தலையையே பார்த்தபடி ஒவ்வோர் இலையாகச் சொல்ல ஆரம்பித்தார். ஆற்றோரத்தில் வளர்வது எது, செண்பக அருவிக்கு மேலே பாறை இடுக்கில் மட்டும் நிற்பது எது, எந்தப் புழு எதைத் தின்னும் என்று விடாமல் சொன்னார். இன்ஸ்பெக்டர் ஒவ்வொரு பெயருக்கும் தலையைத் தடவிக்கொண்டே கேட்டார். செந்தட்டி என்றதும் கை நின்றது. பிறகு அவசர அவசரமாகச் சொறிந்தார். சொறிந்துவிட்டுச் சிரித்தார் பாருங்கள், எனக்கு அப்போதுதான் மூச்சே வந்தது.

அறை கிடைத்தது. மிஞ்சிய எண்ணெய்தான் அங்கே வைத்த முதல் காட்சிப் பொருள். இலைகளெல்லாம் அடுத்த சீசனில்தான் வந்து சேர்ந்தன.

இன்று வாத்தியார் இல்லை. அறையில் பெஞ்சுகள் கிடக்கின்றன. புட்டி மட்டும் என்னிடம் வந்தது.

போன வாரம் சாரலுக்கு வந்த என் மாப்பிள்ளை, அருவிக்குப் போய்விட்டுத் தலை பளபளக்க வந்து நின்றார். புட்டி காலி. "ஒரு மாதிரி சிக்கு வாடை அடிச்சுது மாமா. மூலிகைன்னு நெனச்சுத் தேச்சுக்கிட்டேன்" என்றார்.

வந்த கோபத்தை அடக்கிக்கொண்டு அவரை உட்கார வைத்தேன். அந்தத் தலையையே பார்த்தபடி ஒவ்வோர் இலையாகச் சொன்னேன். செந்தட்டி வந்ததும் அவர் கை தானாக மேலே போயிற்று.