ஈயைப் படிக்கப் போனவள்

கம்ப்யூட்டர் சயின்ஸ் கேட்டுத்தான் நானும் அப்பாவும் அந்த அரசுக் கல்லூரிக் கலந்தாய்வுக்குப் போனோம். எங்கள் முறை வரும்போது பிற்பகல் ஆகிவிட்டது. மேசைக்கு அந்தப் பக்கம் இருந்த பேராசிரியை பட்டியலைப் பார்த்தார். கம்ப்யூட்டர் முடிந்துவிட்டது, கணக்கும் முடிந்துவிட்டது, விலங்கியலில் இடம் இருக்கிறது என்றார்.

அப்பா ஆரணியில் பட்டுத்தறி நெய்கிறவர். எட்டாம் வகுப்போடு படிப்பை விட்டவர். "அத படிச்சா இன்னா வேலைங்க மேடம் கெடைக்கும்?" என்று கேட்டார். பேராசிரியை என் விண்ணப்பத்தில் ஊர்ப் பெயரைப் பார்த்துவிட்டு, "ஆரணியா? மூணாவது வருஷம் பட்டுப்புழு வளர்ப்புன்னே ஒரு பேப்பர் இருக்குதுங்க" என்றார்.

அப்பாவின் முகம் மலர்ந்துவிட்டது. என் பக்கம் திரும்பக்கூட இல்லை. "போட்டுக்குங்க மேடம்" என்றார்.

பஸ்ஸில் ஊர் வந்து சேரும்வரை நான் அவரோடு பேசவில்லை. ஆரணி பஸ் ஸ்டாண்டில் இறங்கியதும் ஒரு ரோஸ்மில்க் வாங்கிக் கொடுத்தார். குடித்தேன். அப்போதும் பேசவில்லை.

முதல் இரண்டு வருடம் எனக்கு அந்தப் பாடத்தின்மேல் பெரிய பிரியம் எதுவும் வரவில்லை. தெருவில் பார்க்கிறவர்கள் எல்லாம் அம்மாவிடம், "உம் பொண்ணு மாட்டு டாக்டருக்கா படிக்குது?" என்று கேட்டார்கள். விளக்கிச் சொல்லிச் சொல்லி அலுத்துப்போய், அம்மா ஒரு கட்டத்தில் "ஆமாங்க" என்று சொல்ல ஆரம்பித்துவிட்டாள். ஒருமுறை எதிர்வீட்டுக்காரர் தன் ஆடு இரை எடுக்கவில்லை என்று என்னைக் கூப்பிட வந்தார். அம்மா சற்றும் தயங்காமல், "அது இன்னும் ஆடு வரைக்கும் வரலீங்க" என்று சொல்லி அனுப்பினாள்.

மூன்றாம் வருடம் அந்தப் பட்டுப்புழுப் பாடம் வந்தது. போளூர் பக்கம் ஒரு விவசாயியின் புழு வளர்க்கும் கொட்டகைக்கு எங்களைக் கூட்டிப் போனார்கள். திரும்பும்போது, கேட்டவர்களுக்கெல்லாம் ஆளுக்குக் கொஞ்சம் புழு கொடுத்தார் அந்த விவசாயி. ஓர் அட்டைப் பெட்டியில் நாற்பது புழுக்களை வீட்டுக்குக் கொண்டுவந்தேன்.

முப்பது வருடமாகப் பட்டு நெய்கிற அப்பா, ஒரு பட்டுப்புழுவைக்கூட அதுவரை பார்த்ததில்லை என்பது அன்றைக்குத்தான் எனக்குத் தெரிந்தது. எங்களுக்கு நூல் கர்நாடகாவிலிருந்து கட்டாக வரும். அது எதிலிருந்து வருகிறது என்று பார்க்க யாருக்கும் நேரம் இருந்ததில்லை. அப்பா தறியை நிறுத்திவிட்டு வந்து பெட்டிக்கு முன்னால் குந்தினார். வெகுநேரம் எழுந்திருக்கவில்லை.

"இம்மாந்துண்டு வாயி. இன்னா மெல்லு மெல்லுது பாரு."

அம்மா இரண்டு அடி தள்ளி நின்றுகொண்டு, "பேஜாரு. இதெல்லாம் வூட்டுல வச்சிகினு சோறு துன்றதா?" என்றாள்.

விவசாயி கொடுத்த தழை மறுநாளே தீர்ந்துவிட்டது. ஊரில் மல்பெரி எங்கே இருக்கிறது என்று அப்பா விசாரித்துக்கொண்டு போய், ஒரு சர்ச் வளாகத்தில் ஒற்றை மரத்தைக் கண்டுபிடித்தார். அங்கிருந்த வாட்ச்மேனிடம் எப்படிப் பேசினாரோ, தினமும் காலையில் ஒரு பை நிறையத் தழை வந்தது. நான் கல்லூரியிலிருந்து வருவதற்குள் தழை மாற்றி, எச்சத்தை அகற்றி, பெட்டியின் மேல் ஈரத்துணி போட்டு வைத்திருப்பார். என் செய்முறைக் குறிப்பேட்டில் "இன்று உண்ட அளவு" என்று ஒரு பத்தி உண்டு. அதற்கான தகவல் முழுக்க அவர் கொடுத்ததுதான்.

நான்காம் நாள் என்னைக் கூப்பிட்டார். "ரெண்டு மூணு புழு மேல கருப்பா புள்ளி கீது. சீக்கா?"

எனக்கு அது தெரிந்திருந்தது. ஊஜி ஈ என்று ஒரு ஈ, பட்டுப்புழுவின் மேல் முட்டை வைக்கும். அதிலிருந்து வரும் குட்டிப் புழு பட்டுப்புழுவின் தோலைத் துளைத்து உள்ளே போய், அதைத் தின்றே வளரும். கொட்டகையிலேயே அந்த ஈ வந்து முட்டை வைத்திருக்க வேண்டும். அப்பாவிடம் சொன்னேன். அவர் அந்தப் புழுக்களைத் தனியே எடுத்து வைத்து, அவற்றுக்கு மட்டும் இளந்தழையாகப் பொறுக்கிப் போட்டார். அதனால் பயன் இல்லை என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

நல்ல புழுக்கள் எல்லாம் கூடு கட்டின. புள்ளி விழுந்தவற்றில் ஒன்றும் எப்படியோ கட்டி முடித்தது. இரண்டு நாள் கழித்து, நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அந்தக் கூட்டில் ஒரு ஓட்டை விழுந்தது. வெள்ளையாக, கொழுத்த ஒன்று அதன் வழியே நெளிந்து வெளியே வந்து, பெட்டியின் மூலைக்கு ஊர்ந்தது. அருவருப்பாக இருக்க வேண்டும். எனக்கு இல்லை. அதை ஒரு கண்ணாடி பாட்டிலில் போட்டு வைத்தேன். அது சிவந்து, இறுகி, விதை மாதிரி ஆனது. பத்துப் பன்னிரண்டு நாள் கழித்து ஒரு காலையில் பாட்டிலுக்குள் சாம்பல் நிறத்தில் ஓர் ஈ உட்கார்ந்திருந்தது. அதன் முதுகில் யாரோ ஸ்கேல் வைத்து இழுத்த மாதிரி நான்கு கருங்கோடுகள். அன்று கல்லூரிக்குப் பஸ்ஸைத் தவறவிட்டேன். மூன்று வருடத்தில் முதல்முறையாக, நான் சரியான பாடத்தில்தான் இருக்கிறேன் என்று தோன்றியது.

அந்த ஈ வருவதற்கு ஒரு வாரம் முன்பு, நல்ல கூடுகளை வெந்நீரில் போட்டு நூல் எடுத்துக் காட்டுகிறேன் என்று அப்பாவிடம் சொல்லி, அடுப்பில் தண்ணீர் வைத்தேன். தண்ணீர் கொதித்ததும் அவர் கூடுகள் இருந்த தட்டைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார்.

"உள்ள உசிரோட தானே கீது?"

"ஆமாம்ப்பா. எல்லா பட்டும் அப்பிடித்தான்."

"அது தெரியும். இதுங்க வேணாம்."

அம்மா அந்த வெந்நீரில் காபித்தூளைப் போட்டுவிட்டாள். அந்தப் பேச்சு அதோடு முடிந்தது.

அடுத்த வருடம் முதுகலையில் சேர்ந்தேன். சிறப்புப் பாடம் எது என்று எழுதிக் கொடுக்கும் நேரம் வந்தது. மீன்வளம், மரபியல், பூச்சியியல். விடுமுறையில் வீட்டுக்கு வந்தபோது, பூச்சியியல் எடுக்கப் போகிறேன் என்று அப்பாவிடம் சொன்னேன்.

"பட்டுப்புழுவா?" என்றார், சிரித்துக்கொண்டே.

"இல்லப்பா. அந்த ஈ."

சிரிப்பு நின்றுவிட்டது. "நம்ப சோத்துல மண்ண போடற ஈ அது. அத்த போயி படிக்கறேன்ற." எழுந்து தறிக்குப் போய்விட்டார். இரண்டு நாள் அம்மா மூலமாகத்தான் என்னோடு பேசினார். "சாப்ட்டுச்சான்னு கேளு" என்பார், நான் பக்கத்திலேயே உட்கார்ந்திருக்கும்போது. அம்மாவும் அதே முகத்தோடு என்னிடம், "சாப்ட்டியாம்" என்பாள்.

மூன்றாம் நாள் மாலை டீ குடித்துக்கொண்டிருந்தோம். சுவரைப் பார்த்தபடி அவராகவே கேட்டார்.

"கொட்டாய சுத்தி வலை போட்டு, கதவ சாத்தி வச்சிருந்தாங்கன்னு சொன்னியே. அப்பறம் எப்பிடி அந்த ஈ உள்ள வந்துச்சி? உள்ள புழு கீதுன்னு அதுக்கு யாரு சொன்னது?"

"வாசன பிடிச்சி வருதுன்றாங்கப்பா. எந்த வாசன, எவ்ளோ தூரத்துல இருந்துன்னெல்லாம் நான் பாக்கணும். அத்ததான் படிக்கப் போறேன்."

அவர் டம்ளரைச் சுழற்றிக்கொண்டே இருந்தார்.

"தெரிஞ்சா, வராத மாதிரி பண்ணிடலாமா?"

"பண்ணலாம்னு சொல்ல முடியாதுப்பா. தெரியாம பண்ணவே முடியாது."

"சரி. எழுதிக் குடு" என்றார். பிறகு, "ஜல்தியா குடு. கம்ப்யூட்டரு மாதிரி இதுவும் ஆயிடப் போவுது" என்றார்.

அந்த இடத்துக்குப் போட்டி எதுவும் இல்லை. எங்கள் வகுப்பில் ஈ வேண்டும் என்று கேட்டவள் நான் ஒருத்திதான். அதை அவரிடம் நான் சொல்லவில்லை.

இப்போது அதே ஈயை வைத்துத்தான் ஆராய்ச்சி செய்துகொண்டிருக்கிறேன். வலைக்கூண்டுகளில் அவற்றை வளர்க்கிறேன். பெரிதாக இன்னும் எதையும் கண்டுபிடித்துவிடவில்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் அப்பா வீடியோ காலில் வருவார். நான் சாப்பிட்டேனா என்று கேட்டதும், கூண்டைக் காட்டச் சொல்வார். போனை அதன் பக்கம் திருப்புவேன். கண்ணைச் சுருக்கிக்கொண்டு பார்ப்பார்.

"நல்லாத்தான் வளத்து வச்சிருக்க," என்று போன வாரம் சொன்னார். "ஊருக்கு வரும்போது ஒண்ணுகூட ஒட்டிகினு வந்துடக் கூடாது. பைய ஒதறிட்டு வா."